ஆமென் சொன்னவர்கள் எல்லாரும் வாசகர்கள் அல்ல

கோத்தகிரியில் எங்கள் சபையில் புத்தகம் போட்டவர்கள் நான்கு பேர். நானும் ஒருவன். நான்கு பேரும் முதல் புத்தகத்தில் ஒரே குழியில்தான் விழுந்தோம். சபையில் ஆமென் சொன்னவர்களை எல்லாம் வாசகர்கள் என்று எண்ணிக்கொண்டோம்.

ஆராதனை முடிந்ததும் ஐயர், அதாவது சபைப் போதகர், புத்தகத்தைத் தூக்கிக் காட்டுவார். நாற்பது பேர் வாங்குவார்கள், பெரும்பாலும் நம்மேல் உள்ள பாசத்தில். அதை நம்பி ஆயிரம் பிரதி அடித்தால் மிச்சம் கட்டிலுக்கடியில் போகும். அப்புறம் ஐப்பசி மழை. தை பிறந்து பெட்டியைத் திறந்தபோது அட்டைகள் அப்பளம் போல நெளிந்திருந்தன, ஓரமெல்லாம் பூஞ்சணம். இப்போது ஐம்பது பிரதிகூட டிஜிட்டலில் அடித்துத் தருகிறார்கள். பிரதிக்கு விலை கூடத்தான். ஆனாலும் எடைக்குப் போட்டதைவிட அது லாபம்.

பாஷையிலும் இதே கதைதான். "கர்த்தருடைய மகா பெரிதான கிருபையினாலே அடியேன் சுகமடைந்தேன்" என்று எழுதியிருந்தேன். பஸ் ஸ்டாண்டு பக்கம் டீக்கடை வைத்திருக்கும் அண்ணன் கோயிலுக்குப் போகிறவர். படித்துவிட்டு, "தம்பி, உனக்கு என்னதான் ஆச்சு?" என்றார். திருத்தி எழுதினேன்: "மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. கஞ்சியில் உப்பில்லை என்றேன். அம்மா அழுதுவிட்டாள்." இதில் கர்த்தர் இல்லையே என்று சபையில் யாரும் கேட்கவில்லை.

மாயூரம் வேதநாயகம் பிள்ளை கிறிஸ்தவர்தான். 1879இல் வெளிவந்த அவருடைய பிரதாப முதலியார் சரித்திரத்தைத் தமிழின் முதல் நாவல் என்று எல்லோரும் சொல்கிறார்கள். சபைக்குள்ளேயே சுற்றிவர எழுதியிருந்தால் அந்த இடம் கிடைத்திருக்காது.

ஒரே பக்கத்தில் பைபிளின் பழைய தமிழ் மொழிபெயர்ப்பான வேதாகமத்தையும் 1995இன் புது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தையும் கலக்காதீர்கள். ஒரே பாடலுக்கு மேலே சங்கீதம், கீழே திருப்பாடல் என்றிருந்தால் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) காரருக்கும் இடறும், கத்தோலிக்கருக்கும் இடறும். (மலைக்காரர்கள் முதல் கட்டுரையை, மலைகளை நோக்கிக் கண்களை ஏறெடுக்கும் 121ஆம் சங்கீதத்தில் தொடங்குவதையும் கொஞ்ச நாள் நிறுத்தி வைக்கலாம். நானும் அப்படித்தான் தொடங்கினேன்.)

எனக்கு இன்னும் உறுத்துவது சாட்சி விஷயம், அதாவது கடவுள் ஒருவர் வாழ்க்கையை மாற்றிய கதையை எழுதுவது. தேயிலை ஃபாக்டரிக்குப் போகும் ஓர் அக்கா, குடிகார வீட்டுக்காரர், ஜெபம், மாற்றம். பெயரை மாற்றிவிட்டேன், போதும் என்று நினைத்தேன். சின்ன ஊரில் பெயரா முக்கியம்? தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டையும் நீலக் கதவையும் எழுதினால் எல்லாருக்கும் தெரிந்துவிடும். அடுத்த ஞாயிறு அவர் வழக்கமான இடத்தில் உட்காரவில்லை, பின்வரிசைக்குப் போய்விட்டார். எழுதும் முன்பே போய்க் கேட்டிருக்க வேண்டும். இப்போது கேட்கிறேன். சிலர் வேண்டாம் என்கிறார்கள். சரி, அந்தக் கதை எனக்கு இல்லை.

பதிப்பகம் நீட்டும் தாளில் "ஊழியம்தானே" என்று கண்ணை மூடிக் கையெழுத்துப் போடாதீர்கள். உரிமையை எத்தனை ஆண்டுக்குக் கொடுக்கிறீர்கள் என்று எழுதச் சொல்லுங்கள். எழுதாமல் விட்டால் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி 5 ஆண்டு என்று ஆகும். புத்தகத்தின் அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என்.னை மத்திய அரசின் அமைப்பு இலவசமாகவே தருகிறது. அதற்கும் காசு கேட்டால் யோசியுங்கள்.

விளம்பரம் செய்வது பெருமை என்று சிலர் ஒதுங்குகிறார்கள். வேறு சிலர் விடிகாலை 5 மணிக்கே வாட்ஸ்அப் குழுவில் அட்டைப்படத்தைப் போட்டு, கீழே "மகிமை தேவனுக்கே" என்று எழுதி, விலையையும் புத்தகம் கிடைக்கும் இடத்தையும் விட்டுவிடுகிறார்கள். நான் அட்டையைப் போடுவதில்லை. கஞ்சிப் பக்கத்தைப் படமெடுத்துப் போட்டு, கீழே விலையும் போன் நம்பரும் எழுதினேன். முதலில் போன் செய்தவர் எங்கள் சபைக்காரர் இல்லை. "அம்மா ஏன் அழுதாங்க?" என்று கேட்டார்.