பாரிஸில் சாப்பிட உட்காரும் முன்: மேசை பார்க்கிறவன் சொல்கிறேன்

பாரிஸில் கார் து நோர் ரயில் நிலையத்துக்குக் கிட்ட ஒரு பிரெஞ்சு ரெஸ்டோரண்டில் வெயிற்றராக மேசை பார்க்கிறேன். லண்டன் ரயிலில் வந்து இறங்குகிறவர்கள், சென்னையிலிருந்து குழுவாகச் சுற்ற வருகிறவர்கள், கனடாவிலிருந்து உறவினர் கல்யாணத்துக்கு வந்தவர்கள் என்று நம் ஆட்கள் நிறையப் பேர் வருவார்கள். "இவனுக்கு எங்களைக் கண்டாலே பிடிக்கவில்லை" என்ற மனக்குறையோடு எழுந்து போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அதே மேசையைப் பார்த்து என் பிரெஞ்சுச் சக ஊழியர் "மரியாதை தெரியாத சனம்" என்று முணுமுணுத்ததையும் கேட்டிருக்கிறேன். இரண்டு பக்கமும் நல்ல மனிதர்கள்தான். வழக்கம் தெரிந்திருந்தால் இந்தக் கசப்பு வரவே வேண்டியதில்லை.

ஒன்றை மனதில் வையுங்கள்: இங்கே ரெஸ்டோரண்டுக்குள் போவது இன்னொருவர் வீட்டுக்குப் போவது போல. வாசலில் வணக்கம் சொல்ல வேண்டும், உட்காரச் சொல்லும்வரை நிற்க வேண்டும், உட்கார்ந்த பிறகு யாரும் உங்களை எழுப்ப மாட்டார்கள். மற்ற எல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

முதல் சொல் "பொன்ஜூர்". மாலையானால் "பொன்சுவார்". உள்ளே வந்ததும் "நாலு பேருக்கு இடம் இருக்கா?" என்று ஆங்கிலத்தில் நேராகக் கேட்டால், எவ்வளவு பணிவாகக் கேட்டாலும், பிரெஞ்சுக்காரர் காதில் அது அதட்டலாக விழும். வணக்கம் சொல்லாமல் வேலை ஏவுகிறார் என்றுதான் நினைப்பார். அமெரிக்கர் வந்து இப்படிக் கேட்டாலும் இதே முகம்தான் காட்டுவார். நிறம் பார்த்துக் காட்டுகிற முகம் என்று உடனே எடுத்துக்கொள்ளாதீர்கள். பொன்ஜூர் சொல்லிவிட்டு, அவர் திருப்பிச் சொல்ல ஒரு நொடி கொடுங்கள். அப்புறம் ஆங்கிலத்தில் தாராளமாகக் கதைக்கலாம். பாண் கடையிலும் பஸ்ஸில் ஏறும்போதும் இதே முறைதான்.

காலியாக ஒரு மேசை தெரிந்தாலும் நீங்களாகப் போய் உட்கார வேண்டாம். கத்தி, முள்ளுக்கரண்டி, கிளாஸ் வைத்திருந்தால் அது சாப்பாட்டு மேசை. கோப்பி மட்டும் குடிக்க வருகிறவர்களுக்கு வேறு மேசை உண்டு. ஆறு பேர் வந்தால் மேசைகளை நீங்களே இழுத்துச் சேர்க்காதீர்கள். ஒவ்வொரு வெயிற்றருக்கும் இன்னின்ன மேசை என்று பிரித்துக் கொடுத்திருப்பார்கள், சேர்த்தால் அந்தக் கணக்குக் குழம்பும். அதனால்தான் பக்கத்தால் போகிற யாரையாவது கூப்பிட்டால் அவர் கண்டுகொள்ளாமல் போவது போலத் தெரிகிறது. உங்களுக்கு ஓடர் எடுத்தவரின் கண்ணைப் பிடியுங்கள், கையைக் கொஞ்சம் உயர்த்துங்கள், "சில் வூ ப்ளே" (தயவுசெய்து) என்று சொல்லுங்கள். விரல் சொடுக்குவது, "ஹலோ" என்று உரத்துக் கூப்பிடுவது இரண்டும் வேண்டாம். "கார்சோன்" (பையா) என்று கூப்பிடுவதும் இப்போது மரியாதைக் குறைவு.

தலையாட்டும் விஷயத்தை யாரும் சொல்லித் தருவதில்லை. "இன்னும் தண்ணீர் கொண்டுவரவா?" என்று கேட்டால் நாம் தலையைப் பக்கவாட்டில் லேசாக ஆட்டுவோம். நமக்கு அது "சரி". அவருக்கு அது "வேண்டாம்" போலத் தெரியும், போய்விடுவார். பத்து நிமிடம் கழித்து "கேட்டதைக் கொண்டுவரவில்லை" என்று கோபம் வரும். வாயால் "உய்" (ஆம்) அல்லது "நோன், மெர்சி" (வேண்டாம், நன்றி) என்று சொல்லிவிடுங்கள். கத்தியும் முள்ளும் இதுபோலத்தான் பேசும்: தட்டில் பக்கத்தில் பக்கத்தில் சேர்த்து வைத்தால் முடிந்துவிட்டது, பிரித்து வைத்தால் இன்னும் சாப்பிடுகிறேன்.

நேரம். பல இடங்களில் மதியச் சமையல் 12 முதல் 2 வரை, இரவு 7 மணிக்குப் பிறகு. மூன்றரைக்குப் பிள்ளைகளோடு பசியில் வந்து "கதவு திறந்திருக்கு, சாப்பாடு இல்லையா?" என்று கேட்டால் எங்களால் ஒன்றும் செய்ய முடியாது, சமையல்காரர் வீட்டுக்குப் போயிருப்பார். அந்த நேரத்தில் "செர்வீஸ் கொந்தினூ" (இடைவேளை இல்லாமல் சாப்பாடு) என்று எழுதிய இடம் தேடுங்கள். அதோடு, நாலு பெரியவர்கள் இரண்டு தட்டைப் பகிர்வது நமக்கு இயல்பு. மதிய நெரிசலில் சின்ன ரெஸ்டோரண்டுக்கு அது நட்டம். "அந்த்ரே" என்கிற முதல் தட்டைப் பகிரலாம், முக்கியத் தட்டு பெரியவருக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். அவ்வளவு பசியில்லை என்றால் க்ரெப் (மெல்லிய தோசை போன்றது) கடைக்குப் போங்கள்.

மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவர்கள் இதைக் கவனமாக வாசியுங்கள், ஏனென்றால் இங்கே ஏற்படும் மனவருத்தம்தான் பெரியது. வெங்காய சூப் பெரும்பாலும் மாட்டு எலும்புச் சாற்றில் செய்வது. கீஷ் லொரேன் என்கிற முட்டைப் பலகாரத்தில் பன்றி இறைச்சித் துண்டு இருக்கும். பச்சை சலாட் என்று நினைத்து எடுத்தால் அதிலும் "லார்தோன்" என்கிற அதே துண்டு கிடக்கலாம். ஸ்டேக் தார்தார் என்பது சமைக்காத மாட்டிறைச்சி. வெறுமனே "வெஜிடேரியன்" என்றால் சிலர் மீனைச் சேர்த்தே கொண்டுவருவார்கள். "சான் வியாந்த், சான் புவாசோன்" என்று சொல்லுங்கள், இறைச்சியும் வேண்டாம் மீனும் வேண்டாம். சாற்றைப் பற்றித் தனியாகக் கேளுங்கள். மதக் காரணம் என்று சொல்லத் தயங்க வேண்டாம், நாங்கள் உள்ளே போய்க் கேட்டு வருவோம். க்ரெப் கடையில் முட்டையும் சீஸும் போட்ட கலெத் (இனிப்பில்லாத க்ரெப்) கேட்கலாம், பன்றி இறைச்சி போடவேண்டாம் என்பதற்கு "சான் ஜம்போன்".

தண்ணீருக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை. "உன் கராஃப் தோ" என்று கேட்டால் குழாய்த் தண்ணீர் ஜாடியில் வரும். சாப்பாட்டோடு பாணும் சாதாரணத் தண்ணீரும் விலையில் அடக்கம் என்பது 1967 முதல் உள்ள விதி. இலவசத் தண்ணீர் கிடைக்கும் என்பதை எழுதி வைக்க வேண்டும் என்று 2022 முதல் சட்டமும் இருக்கிறது. வெறும் "தண்ணீர்" என்றால் போத்தல் வரலாம், அதற்குக் காசு.

சாப்பிட்டு முடிந்தும் பில் வரவில்லை என்று சென்னையிலிருந்து வந்த ஒரு அம்மா என்னிடம் குறைப்பட்டார்: "ஏன் தம்பி, எங்களை மறந்துட்டீங்களா?" மறக்கவில்லை அம்மா, கேட்காமல் பில் வைத்தால் "எழும்பிப் போ" என்று அர்த்தம். "லாடிசியோன், சில் வூ ப்ளே" என்று கேளுங்கள், வரும். விலைகளில் 15 விழுக்காடு சேவைக் கட்டணம் ஏற்கெனவே சேர்ந்திருக்கிறது, 1987 முதல் அப்படித்தான் எழுத வேண்டும். சந்தோஷமாக இருந்தால் ஓரிரு யூரோ மேசையில் வைக்கலாம், வைக்காமலும் போகலாம். மிச்சச் சாப்பாட்டை வெட்கப்படாமல் கேளுங்கள். 2021 ஜூலை முதல், கேட்டால் பெட்டி கொடுக்க வேண்டும்.

சில சுற்றுலாத் தெருக்களில் ஏமாற்றும் உண்டு, அதைத் தவறான புரிதல் என்று மூடி மறைக்க மாட்டேன். கார்ட் மெஷினை நீட்டி "சேவைக் கட்டணம் சேரவில்லை" என்று யாராவது சொன்னால் அது பொய். பில்லில் "செர்வீஸ் கொம்ப்ரி" (சேவைக் கட்டணம் அடக்கம்) என்ற வரியைக் காட்டுங்கள், டிப் இல்லை என்று அழுத்துங்கள். கேட்காத போத்தல் பில்லில் ஏறியிருந்தால் அமைதியாக விரலால் காட்டித் திருத்தச் சொல்லுங்கள். திருத்தவில்லை என்றால் பில்லைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு, அரசாங்கத்தின் சிக்னல்கொன்சோ தளத்தில் முறையிடலாம்.