பவளத் தொட்டியோடு வீடு மாறுகிறீர்களா? முதலில் மணலைக் கவனியுங்கள்

கடல்நீர்த் தொட்டியை இடம் மாற்றும்போது எல்லாரும் மீனை நினைத்துத்தான் பதறுகிறார்கள். என்னைக் கேட்டால் பெரிய வில்லன் அடியில் கிடக்கும் மணல்தான். மாதக்கணக்கில் கலையாமல் கிடந்த மணலைக் கிளறினால், உள்ளே தேங்கிய கழிவெல்லாம் நீரில் கலந்து, மீனுக்கு விஷமான அம்மோனியா ஏறிவிடும். அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சு வாயுவும் கூடவே வருகிறது என்று அர்த்தம். அதனால் பழைய மணலை உப்புநீரில் கலங்கல் போகும்வரை அலசுங்கள். ஆழமான படுகை என்றால் புது மணலே மேல். அம்மோனியாவைச் சிதைக்கும் நல்ல பாக்டீரியா தொட்டிக்குள் இருக்கும் பாறையிலும் ஏராளமாக இருப்பதால் பெரிய நஷ்டமில்லை.

மணல் கலங்கும் முன்பே தெளிந்த நீரை மூடி போட்ட வாளிகளில் எடுத்துவிடுங்கள். பிறகு பவளம், அப்புறம் பாறை, கடைசியாக மீன். பாறை உள்ளே இருக்கும்வரை மீனைத் துரத்துவது வீண் வேலை, அது ஏதாவதொரு பொந்தில் போய் ஒட்டிக்கொள்ளும். பாறை தொட்டி நீரிலேயே மூழ்கியிருக்கட்டும். அதில் வளரும் கடற்பஞ்சுகள் பல காற்றுப்பட்டால் செத்து அழுகிவிடும். மீன் வாளியில் பேட்டரி ஏர் பம்ப் ஓட வேண்டும்.

தொட்டியை முழுக்கக் காலி செய்துதான் தூக்க வேண்டும். கொஞ்சம் நீரோடு தூக்கினாலும் கண்ணாடிகளை இணைக்கும் சிலிக்கோன் ஒட்டு விட்டுப்போகலாம். நீர் எப்படியும் குறையும். புது உப்புநீரை முந்தைய நாளே கலந்து, பழைய நீரின் உப்பு அளவுக்கும் வெப்பத்துக்கும் சரிசெய்து வையுங்கள். பெரும்பாலான தொட்டிகளில் உப்பு அளவு (ஒப்படர்த்தியாக) 1.025, வெப்பம் 25 டிகிரி செல்சியஸ் வாக்கில் இருக்கும். முதல் வாரம் தினமும் அம்மோனியா சோதனை, தீனியும் பாதிதான்.