உணர்ச்சி மங்கிய கண்ணுக்குச் சொட்டு மருந்து விடும் நாட்களில் கருவிழியைக் கவனிக்கும் முறை

அக்கி, ஹெர்பிஸ் கிருமி, நாட்பட்ட சர்க்கரை நோய், மூளை அறுவைச் சிகிச்சை போன்றவற்றால் முகத்துக்கும் கண்ணுக்கும் உணர்ச்சி தரும் டிரைஜெமினல் நரம்பு பழுதுபட்டால் கருவிழி உணர்ச்சியை இழக்கிறது. அதில் உண்டாகும் புண்ணும் எளிதில் ஆறுவதில்லை. இதற்கென அமெரிக்காவில் 2018-இல் அனுமதி பெற்ற செனெகெர்மின் சொட்டு மருந்தை 2 மணி நேர இடைவெளியில் நாளொன்றுக்கு 6 முறை, 8 வாரம் விட வேண்டும். திறந்த குப்பியை 12 மணி நேரத்துக்குள் பயன்படுத்திவிட வேண்டும். ஈரோடு, கரூர் வெயிலில் அறை வெப்பம், இம்மருந்து தாங்கும் வரம்பான 25 டிகிரியை எளிதில் தாண்டிவிடும் என்பதால், குப்பியைக் குளிர்சாதனப் பெட்டியிலேயே வைப்பது நல்லது. வேறு சொட்டு மருந்து இருந்தால் 15 நிமிடம் இடைவெளி விட்டு, களிம்பைக் கடைசியாகப் போட வேண்டும்.

இந்நோயில் வலியை நம்பக் கூடாது. புண் ஆழமானாலும் கண் வலிக்காமல் இருக்கலாம். ஆகவே காலையில் முதல் சொட்டுக்கு முன், வீட்டில் ஒருவர் சன்னல் வெளிச்சத்தில் கருவிழியைப் பார்த்து, அதே இடத்தில் நின்று கைபேசியில் படம் எடுத்து, முந்தைய நாள் படத்தோடு ஒப்பிட வேண்டும். சுண்ணாம்பு பூசியது போன்ற வெண்மை தெரிந்தால், அது கால்சியம் படிவாக இருக்கலாம். இம்மருந்து பயன்படுத்திய சிலரிடம் இது காணப்பட்டுள்ளது. மேற்பரப்பு புண்பட்ட கருவிழியில், சொட்டு மருந்துகளிலுள்ள பாஸ்பேட் கால்சியத்தோடு சேர்ந்து படிவதும் உண்டு என்பதால், பயன்படுத்தும் எல்லாக் குப்பிகளையும் மருத்துவரிடம் எடுத்துச் சென்று காட்ட வேண்டும். தாமாக மருந்தை நிறுத்துவதும் தவறு, சொல்லாமல் தொடர்வதும் தவறு. படிவு பார்வையை மறைத்தால் கால்சியத்தைப் பிடித்து நீக்கும் இ.டி.டி.ஏ. என்ற வேதிப்பொருளின் கரைசலால் மருத்துவர் அகற்றும் வழி இருக்கிறது.

சிகிச்சையின் நடுவே கண் வலிப்பது இம்மருந்தின் பரவலான பக்கவிளைவு. ஆனால் தொற்றிலும் வலிக்கும். இரண்டையும் வீட்டில் பிரித்தறிய முடியாது. சீழ், வெளிச்சத்தில் கூச்சம், பார்வை மங்கல் ஆகியவற்றுள் ஒன்று இருந்தாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மரத்துப்போகச் செய்யும் சொட்டு மருந்தைக் கடையில் கேட்டு வாங்கவே கூடாது. அதைத் தொடர்ந்து விடுவதே இந்நோயை உண்டாக்கக்கூடும்.

தாய்ப்பால், நந்தியாவட்டைப் பூ, விளக்கெண்ணெய் என்று அக்கறையோடு சொல்பவர்களின் மனம் நோகும்தான், ஆனாலும் மறுத்துவிட வேண்டும். பாலக்காட்டுக் கணவாய் வழியே பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கம் வீசும் ஆடிக் காற்றும் நூற்பாலைப் பஞ்சுத் தூசியும் கண்ணை உலர்த்தி உராயும். வெளியே செல்லும்போதும் வேலை செய்யும்போதும் பக்கங்களை மூடிய கண்ணாடி அணிய வேண்டும். உறங்கும்போது இமை முழுதும் மூடாதவர்கள், இரவில் இமையை ஒட்டி வைக்கலாமா என்று மருத்துவரிடம் கேட்க வேண்டும். 8 வாரம் முடிந்த பின்னரும் கருவிழியின் உணர்ச்சியையும் மேற்பரப்பையும் சோதிக்கும் பரிசோதனைக்குத் தவறாமல் செல்ல வேண்டும்.