படங்களால் பெருத்துப்போன எக்செல் கோப்பைச் சிறிதாக்குவது எப்படி?

இருநூறு வரிகள் கொண்ட ஒரு பொருள் பட்டியலில் எழுத்தும் எண்ணும் மட்டும் இருந்தால், அந்த எக்செல் கோப்பு சில பத்து கிலோபைட்டுகளில் அடங்கிவிடும். ஒவ்வொரு வரிக்கும் கைபேசியில் எடுத்த புகைப்படம் ஒன்றைச் சேர்த்தால் அதே கோப்பு சில நூறு மெகாபைட்டாக வீங்கிவிடுகிறது. படங்களைக் கட்டத்துக்குள் அடங்கும்படி சிறிதாக்கித்தானே வைத்தோம் என்று பலரும் கேட்பார்கள். படத்தின் மூலையைப் பிடித்து உள்நோக்கி இழுக்கும்போது எக்செல் படத்திலுள்ள ஒரு பிக்சலைக்கூட, அதாவது ஒரு புள்ளியைக்கூட, நீக்குவதில்லை. படத்தை எவ்வளவு அகல உயரத்தில் காட்டவேண்டும் என்ற குறிப்பை மட்டுமே அது மாற்றி எழுதிக்கொள்கிறது. முழுப் படமும் கோப்புக்குள் அப்படியே இருக்கிறது.

எவ்வளவு வீணாகிறது என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். 12 மெகாபிக்சல் புகைப்படம் என்பது ஏறக்குறைய 4000 x 3000 பிக்சல், அதாவது 1 கோடியே 20 லட்சம் புள்ளிகள். அதைத் தாளில் 2 அங்குல அகலமும் 1.5 அங்குல உயரமும் கொண்டதாகக் காட்டினால், அங்குலத்துக்கு 150 பிக்சல் என்ற கணக்கில் 300 x 225, அதாவது 67,500 புள்ளிகளே போதும். தேவையைப் போல ஏறத்தாழ 178 மடங்கு புள்ளிகளைச் சுமந்துகொண்டிருக்கிறோம்.

எதையும் மாற்றுவதற்கு முன், சுமை எங்கே இருக்கிறது என்று கோப்பைத் திறந்து பார்ப்பது நல்லது. எக்செல் 2007 முதல் வழக்கத்தில் உள்ள எக்ஸ்எல்எஸ்எக்ஸ் (.xlsx) வகைக் கோப்பு உண்மையில் பல கோப்புகளைச் சுருக்கி ஒன்றாகக் கட்டிய ஜிப் (.zip) பொட்டலம்தான். கோப்பின் பிரதி ஒன்றை எடுத்து, அதன் பெயரின் கடைசிப் பகுதியை ஜிப் என்று மாற்றித் திறந்தால், எக்ஸ்எல் என்ற கோப்புறைக்குள் மீடியா என்றொரு கோப்புறை இருக்கும். படங்கள் எல்லாம் அங்கே வரிசை எண்ணிட்டுக் கிடக்கும். அளவு வாரியாக அடுக்கிப் பார்த்தால் எந்தப் படம் இடத்தை அடைக்கிறது என்பது உடனே தெரிந்துவிடும். கடவுச்சொல் இட்டுப் பூட்டிய கோப்பில் இந்த வழி நடக்காது; முதலில் கடவுச்சொல்லை நீக்கவேண்டும். எக்செல் கோப்பையே மறுபடி ஜிப் செய்து அனுப்புகிறவர்களும் உண்டு. ஜேபெக், பிஎன்ஜி ஆகிய வகைப் படங்கள் ஏற்கனவே சுருக்கப்பட்டவை என்பதால் அதனால் ஏறக்குறைய ஒன்றும் குறைவதில்லை.

சுருக்கும் வேலையில் வரிசைமுறை முக்கியம். முதலில் ஒவ்வொரு படத்தையும் தாளில் கடைசியாக எந்த அளவில் இருக்கவேண்டுமோ அந்த அளவுக்குக் கொண்டுவாருங்கள். வேண்டாத ஓரங்களை கிராப் செய்து வெட்டிவிடுங்கள். அதன் பிறகே ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்து, மேலே தோன்றும் பிக்சர் ஃபார்மேட் தாவலில் உள்ள கம்ப்ரஸ் பிக்சர்ஸ் என்பதைச் சொடுக்குங்கள். இந்தப் படத்துக்கு மட்டும் என்று பொருள்படும் முதல் தேர்வின் குறியை எடுத்துவிட்டால் மற்றப் படங்களும் சேர்ந்து சுருங்கும். வெட்டிய பகுதிகளை நீக்கு என்ற இரண்டாவது தேர்வைக் கட்டாயம் குறியிட்டு வையுங்கள். இல்லையென்றால் நீங்கள் வெட்டிய ஓரங்கள் கண்ணுக்கு மறைந்திருக்குமே தவிர, கோப்பை விட்டுப் போகாது. அடையாள அட்டையின் பாதியை மறைக்க கிராப் செய்து அனுப்புகிறவர்கள் இதைக் குறிப்பாகக் கவனிக்கவேண்டும், ஏனென்றால் பெறுகிறவர் ஒரே சொடுக்கில் மறைத்த பகுதியை மீட்டுவிட முடியும்.

அதே பெட்டியில் 330, 220, 150, 96 என்று அங்குலத்துக்கான பிக்சல் எண்ணிக்கைகள் இருக்கும். அச்சிடவேண்டிய தாளுக்கு 220, திரையில் மட்டும் பார்ப்பதற்கு 150 என்று வைத்துக்கொள்வது என் வழக்கம். 96-இல் படத்திலுள்ள சிறிய எழுத்துகள் கலங்கிவிடுவதால் அதை நான் தவிர்த்துவிடுகிறேன். கோப்பைச் சேமித்த பிறகுதான் அளவு குறைந்தது தெரியும். சேமித்து மூடிவிட்டால் பழைய தெளிவு திரும்பி வராது. பின்னாளில் படத்தை இழுத்துப் பெரிதாக்கினால் மங்கலாகத்தான் தெரியும். ஆகவே மூலக் கோப்பின் பிரதி ஒன்றைத் தனியே வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள்.

அப்படியும் அளவு குறையவில்லை என்றால் ஃபைல், ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்ட் என்று சென்று, படத்தின் அளவும் தரமும் பற்றிய பகுதியைப் பாருங்கள். கோப்பில் உள்ள படங்களைச் சுருக்காதே என்ற தேர்வு அங்கே குறியிடப்பட்டிருந்தால் அதை எடுத்துவிடுங்கள். பின்னணியை நீக்குவது, கலை விளைவுகள் சேர்ப்பது போன்றவற்றைச் செய்த படங்களுக்கு எக்செல் மூலப் படத்தையும் உடன் வைத்திருக்கும். திருத்தத் தரவை நீக்கு என்ற தேர்வைக் குறியிட்டால் அதுவும் கழிந்துவிடும்.

கண்ணுக்குத் தெரியாத படங்கள் தனித் தொல்லை. இணையப் பக்கத்திலிருந்து அட்டவணையை நகலெடுத்து ஒட்டும்போது சின்னஞ்சிறு படங்களும் கூடவே வந்து ஒட்டிக்கொள்வதுண்டு. ஆல்ட் விசையுடன் எஃப்10-ஐ அழுத்தினால் அந்தத் தாளிலுள்ள எல்லாப் படங்களின் பட்டியலும் பக்கத்தில் விரியும். மறைந்து கிடப்பவற்றை அங்கிருந்தே தேர்ந்தெடுத்து அழிக்கலாம். தாளுக்குப் பின்னணியாக வைத்த படமும் தலைப்புப் பகுதியில் (ஹெடர்) வைத்த முத்திரைப் படமும் அந்தப் பட்டியலில் வராது. முன்னதைப் பேஜ் லேஅவுட் தாவலிலும், பின்னதைத் தலைப்பைத் திருத்தும் இடத்திலும் தேடவேண்டும்.

இத்தனைக்கும் பிறகு நான் அதிகம் நம்புவது, படத்தை எக்செலுக்குள் கொண்டுவருவதற்கு முன்பே சிறிதாக்கிவிடும் வழியைத்தான். விண்டோஸின் பவர்டாய்ஸ் தொகுப்பில் உள்ள இமேஜ் ரீசைசர், இர்ஃபான்வியூ போன்ற இலவசக் கருவிகள் ஒரு கோப்புறையில் உள்ள நூற்றுக்கணக்கான படங்களை ஒரே முறையில் 800 பிக்சல் அகலத்துக்குக் குறைத்துத் தந்துவிடும். குறைத்த பிறகு நகலெடுத்து ஒட்டாமல், இன்செர்ட் தாவலின் வழியாகக் கோப்பாகவே சேருங்கள், ஏனென்றால் படத் திருத்தியிலிருந்து நகலெடுத்து ஒட்டும் புகைப்படம் பிஎன்ஜியாக உள்ளே போய் ஜேபெக்கைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கக்கூடும். திரைப்பிடிப்புகளுக்கு (ஸ்கிரீன்ஷாட்) இது நேர்மாறு. எழுத்தும் கோடுகளும் நிறைந்த அவற்றுக்கு பிஎன்ஜியே தெளிவாகவும், பெரும்பாலும் சிறியதாகவும் இருக்கும்.

படத்தைக் கோப்புக்குள் வைக்காமல் இணைப்பாகவும் (லிங்க்) தரலாம். படத்தைத் தேர்ந்தெடுக்கும் பெட்டியில் இன்செர்ட் பொத்தானின் அருகிலுள்ள அம்புக்குறியில் லிங்க் டு ஃபைல் என்பதைத் தேர்ந்தெடுத்தால் எக்செல் படத்தின் இருப்பிடத்தை மட்டும் குறித்துக்கொள்ளும். அலுவலகத்தின் பொதுச் சர்வரில் எல்லோரும் ஒரே கோப்புறையைப் பயன்படுத்தும்போது இது பொருந்தும். மின்னஞ்சலில் அனுப்பினால் பெறுகிறவருக்கு வெற்றுக் கட்டமே தெரியும். மைக்ரோசாஃப்ட் 365-இல் உள்ள இமேஜ் என்ற சார்பு (ஃபங்ஷன்), இணைய முகவரியிலிருந்து படத்தை எடுத்துக் கலத்துக்குள் காட்டுகிறது. கூகுள் ஷீட்ஸிலும் அதே பெயரில் ஒரு சார்பு உண்டு.

எக்செலுக்கு மாற்றான இலவச மென்பொருள் லிப்ரேஆபிஸ் கால்க்கைப் பயன்படுத்துவோர் படத்தின்மீது வலது பக்கம் சொடுக்கி கம்ப்ரஸ் என்பதைத் தேர்ந்தெடுக்கலாம். சுருக்கிய பின் எவ்வளவு அளவு வரும் என்று முன்கூட்டியே கணக்கிட்டுக் காட்டும் பொத்தான் அங்கே இருப்பது, எக்செலில் இல்லாத வசதி. ஆனால் படம் படமாகச் செய்யவேண்டும் என்பதால், படங்கள் மிகுந்த தாளுக்கு அது பொறுமையைச் சோதிக்கும்.

மின்னஞ்சலுக்காகச் சுருக்குகிறவர்கள் இலக்கை எங்கே வைப்பது என்று யோசிக்கலாம். ஜிமெயிலின் எல்லை 25 மெகாபைட். ஆனால் அஞ்சலோடு சேர்த்து அனுப்பும் கோப்புகள் போகும்போது எழுத்துகளாக மாற்றப்பட்டு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பெருக்கின்றன. எனவே கோப்பை 18 மெகாபைட்டுக்குள் கொண்டுவந்துவிட்டால் தடையில்லாமல் போய்ச் சேரும்.