குதிரையால் வெட்டாதே, ஏ5-க்குப் போ

தண்டையார்பேட்டையில் நடந்த ஜூனியர் செஸ் போட்டியில் அக்கா மகள் கறுப்பில் ஆடினாள். வெள்ளைக் குதிரை ஜி5 கட்டத்துக்கு வந்ததும் சிப்பாயை டி5-க்குத் தள்ளினாள், அது சரிதான். வெள்ளைச் சிப்பாய் அதை வெட்ட, இவள் குதிரையால் திருப்பி வெட்டினாள். சிக்கல் அங்கேதான். வெள்ளைக் குதிரை எஃப்7-ல் பாய்ந்தது, ராஜா வெட்டினார், எஃப்3-க்கு வந்த ராணி ராஜாவையும் டி5 குதிரையையும் சேர்த்துத் தாக்கியது. குதிரையைக் காப்பாற்ற ராஜா இ6-க்கு ஏற, ஆட்டம் கைவிட்டுப் போனது.

வீட்டில் பலகையை விரித்து ஒரே நகர்த்தலைத்தான் மாற்றினேன். டி5-ல் வெட்டாமல் சி6-ல் இருக்கும் இன்னொரு குதிரை ஏ5-க்குப் போய், சி4-ல் நிற்கும் வெள்ளை மந்திரியைத் தாக்கட்டும். மந்திரி பி5-ல் செக் வைத்தால் சிப்பாயை சி6-க்குத் தள்ளி மறைக்கலாம்.

"ஒரு சிப்பாய் போயிடுமே மாமா?"

போகட்டும், கண்ணு. நம் காய்கள் சீக்கிரம் வெளியே வந்துவிடும், ராஜாவும் பத்திரம். அடுத்த போட்டியில் ஏ5-ஐ யோசிக்காமல் ஆடினாள். அப்புறம் டிராதான், ஆனால் எனக்கு அத்தனை சந்தோஷம்.