பேரப்பிள்ளையோடு இரண்டு நாள்: பிள்ளைகள் வீட்டுக்குப் போய்வரும் முறை

பிள்ளைகள் சென்னைக்கோ பெங்களூருக்கோ வேலைக்குப் போய் அங்கேயே குடும்பமாகிவிட்ட பிறகு, கன்னியாகுமரி மாவட்டத்துப் பெற்றோருக்கு வாரக் கடைசி என்பது வெள்ளிக்கிழமை மாலை ரயிலில் தொடங்கித் திங்கட்கிழமை காலை ரயிலில் முடிகிறது. சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு அவர்கள் வாசலில் நின்றால், ஞாயிறு மாலை ஐந்து மணிக்குப் புறப்பட வேண்டியிருக்கும். ஆக மொத்தம் 34 மணி நேரம். ஒன்றிலிருந்து இரண்டு வயதுக் குழந்தை பகல் தூக்கத்தையும் சேர்த்து ஒரு நாளில் 11 முதல் 14 மணி நேரம் தூங்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. அதைக் கழித்தால் பேரப்பிள்ளை விழித்திருக்கும் நேரமாக நமக்குக் கிடைப்பது ஏறக்குறைய 20 மணி நேரம்தான். நாங்கள் தக்கலைப் பக்கத்திலிருந்து சென்னையில் இருக்கும் மகன் வீட்டுக்கு இப்படிப் போய்வருகிறோம். நாம் போய்வந்த பிறகு அந்த வீட்டுக்குத் திங்கட்கிழமை காலை வழக்கத்தைவிடச் சற்று இலகுவாக விடிந்ததா என்பதை அளவுகோலாக வைத்துக்கொண்டால், எதைச் செய்வது எதை விடுவது என்ற குழப்பங்களில் பெரும்பாலானவை தாமாகத் தீர்ந்துவிடுகின்றன.

எந்த வாரம் வருகிறோம் என்பதை நாம் முடிவு செய்து அறிவிப்பதைவிட, இரண்டு மூன்று வாரங்களைச் சொல்லி, எது வசதி என்று மகனிடமும் மருமகளிடமும் சேர்த்தே கேட்பது நல்லது. மகனிடம் மட்டும் கேட்டு முடிவு செய்தால், மருமகளுக்கு அது செய்தியாகத்தான் போய்ச் சேரும். குழந்தைக்கு அந்த வாரம் தடுப்பூசி இருக்கிறதா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஊசி போட்ட பிறகு ஓரிரு நாள் காய்ச்சலும் சிணுங்கலும் இருக்கக்கூடும், அப்போது வீட்டில் கூடுதல் ஆட்கள் இருப்பது உதவியா தொந்தரவா என்பதை அவர்கள்தான் சொல்ல முடியும். ரயில் முன்பதிவு இப்போது பயணத்துக்கு 60 நாட்களுக்கு முன்பே திறக்கிறது. 2024 நவம்பருக்கு முன் இது 120 நாட்களாக இருந்தது. கன்னியாகுமரி எக்ஸ்பிரஸிலும், குழித்துறை, இரணியல் நிலையங்களில் நின்று செல்லும் அனந்தபுரி எக்ஸ்பிரஸிலும், நாகர்கோவில்–பெங்களூரு எக்ஸ்பிரஸிலும் வெள்ளி, ஞாயிறு இரவுகளுக்கான இடங்கள் விரைவில் நிரம்பிவிடுவதால், போகும் சீட்டையும் திரும்பும் சீட்டையும் சேர்த்தே எடுத்துவிட வேண்டும். 60 வயதான ஆண்களுக்கும் 45 வயதான பெண்களுக்கும், தனியாகவோ இருவராகவோ பயணம் செய்தால், கீழ்ப் படுக்கை ஒதுக்கீடு உண்டு. முன்பதிவின்போதே அந்த ஒதுக்கீட்டைத் தேர்ந்தெடுங்கள். மூத்த குடிமக்களுக்கான கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

புறப்படும் நாளில் நமக்குச் சளியோ இருமலோ இருந்தால், சீட்டுப் பணம் போனாலும் பயணத்தைத் தள்ளிவைக்க வேண்டும். நமக்கு இரண்டு நாளில் போகும் இருமல், தடுப்பூசிகள் முழுமையாகப் போடப்படாத ஆறு மாதக் குழந்தையை மருத்துவமனை வரை கொண்டு போய்விடலாம்.

இனி, பையில் எதை வைப்பது என்ற பெரிய கேள்வி. நம் மாவட்டத்திலிருந்து போகும் பைக்கு ஒரு பெருமை உண்டு, அதை விட்டுவிடச் சொல்ல மாட்டேன். 2023ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற மட்டி வாழைப்பழம் தலைமுறை தலைமுறையாக நம் வீடுகளில் குழந்தைகளுக்குக் கொடுக்கப்படும் பழம். ஆறு மாதம் நிறைந்து திட உணவு தொடங்கிய குழந்தைக்கு அதை மசித்துக் கொடுக்கலாம். ஆனால் பழுத்த பிறகு அது எளிதில் நசுங்கும், ஆகவே ஒரே ஒரு சீப்பை, முக்கால் பழுப்பில், காய்ந்த வாழைச் சருகில் சுற்றித் தனிக் கூடையில் எடுத்துச் செல்லுங்கள். அதைவிடவும் பயனுள்ளது ஏத்தங்காய், அதாவது நேந்திரங்காய்ப் பொடி. நன்றாக விளைந்த காயைத் தோல் சீவி, மெல்லிய வில்லைகளாக நறுக்கி, ஒடித்தால் சட்டென்று முறியும் வரை வெயிலில் காயவைத்து, பொடித்துச் சலித்து, ஈரமில்லாத கண்ணாடிப் புட்டியில் அடைத்து, பொடித்த தேதியை மேலே எழுதி ஒட்டுங்கள். தண்ணீரில் கரைத்து அடுப்பில் கிண்டினால் சில நிமிடங்களில் குழந்தைக்குக் கூழ் தயார். அலுவலகத்துக்கு ஓடும் தாய்க்கு அந்த நிமிடங்கள் பெரிய உதவி. ஒரு வயது வரை அதில் கருப்பட்டியோ சர்க்கரையோ உப்போ சேர்க்கத் தேவையில்லை.

மார்த்தாண்டம் தேன் நமக்குப் பெருமைதான், ஆனால் ஒரு வயது நிறையாத குழந்தையின் நாவில் ஒரு துளிகூடத் தொட்டு வைக்கக் கூடாது. தேனில் கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற நுண்ணுயிரின் வித்துகள் இருக்கக்கூடும். பெரியவர்களின் குடலில் வளர முடியாத அவை, பச்சிளங் குழந்தையின் குடலில் வளர்ந்து நரம்புகளைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சை உண்டாக்கும். சாதாரணமாகக் காய்ச்சுவதால் அந்த வித்துகள் அழிவதில்லை. பிறந்த குழந்தையின் நாவில் இனிப்பைத் தொட்டுச் சேனை வைப்பது நம் வழக்கமாயிற்றே என்று மனம் சொல்லலாம். குழந்தையின் உயிருக்கு முன் வழக்கம் பெரிதல்ல. அந்தத் தேன் புட்டியை மகனுக்கும் மருமகளுக்கும் கொடுங்கள். முந்திரிக்கொத்தும் நேந்திரங்காய் சிப்ஸும்கூட அவர்களுக்குத்தான். கடினமான சிப்ஸ் துண்டு, நிலக்கடலை, முழு அண்டிப்பருப்பு (முந்திரிப்பருப்பு), முழுத் திராட்சை ஆகியவை ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையின் மூச்சுக்குழாயில் சிக்கக்கூடியவை, எனவே அந்தப் பொட்டலங்களைக் குழந்தையின் கண்ணெதிரே பிரிக்க வேண்டாம்.

பையில் இருக்கும் இன்னொரு பொருளைப் பற்றிப் பலர் நினைப்பதே இல்லை: நம்முடைய மாத்திரைகள். சர்க்கரை நோய்க்கு நாம் சாப்பிடும் கிளிமெப்பிரைடு வகை மாத்திரை ஒன்றே ஒன்று குழந்தையின் இரத்தச் சர்க்கரையை ஆபத்தான அளவுக்குக் குறைத்துவிடக்கூடும், அதன் அறிகுறி பல மணி நேரம் கழித்தும் தோன்றலாம். இரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபினும் அப்படியே ஆபத்தானது. நம் வீட்டில் மேசைமேல் கிடக்கும் மாத்திரைப் பெட்டி அந்த வீட்டில் அலமாரியின் மேல் தட்டில், பூட்டிய நிலையில் இருக்க வேண்டும். தரையில் வைத்த கைப்பையில் இருக்கவே கூடாது. காது கேட்கும் கருவியின் சிறிய பேட்டரிகளுக்கும் இதே விதி. குழந்தை எதையாவது விழுங்கிவிட்டதாக ஐயம் வந்தால், வாந்தி எடுக்க வைக்க முயலாமல், அந்த மாத்திரை அட்டையையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். வண்டி இல்லையென்றால் 108ஐ அழையுங்கள்.

சனிக்கிழமை அதிகாலையில் நம்மை அழைத்துச் செல்ல நிலையத்துக்கு வரவேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். வாரம் முழுவதும் ஓடியவர்களுக்கு அந்த ஒரு காலைத் தூக்கம் மிகவும் அரியது. தாம்பரத்திலோ எழும்பூரிலோ இறங்கி, ஆட்டோவோ மின்சார ரயிலோ பிடித்து நாமே போய்விடலாம். வீட்டுக்குள் போனதும் பிள்ளையை அள்ளி எடுக்கத் துடிக்கும் கையை முதலில் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். பயண உடையை மாற்றி, முடிந்தால் குளித்துவிட்டே தூக்குங்கள்.

அப்படித் தூக்கப் போகும்போது குழந்தை வீறிட்டு அழுதால் மனம் உடைய வேண்டாம். ஏழெட்டு மாதத்திலிருந்து ஒன்றரை வயது வரை, அடிக்கடி பார்க்காத முகத்தைக் கண்டால் அஞ்சுவது இயல்பான வளர்ச்சியின் அடையாளம். தாயையும் பிறரையும் பிரித்தறியக் குழந்தை கற்றுக்கொண்டுவிட்டது என்பதே அதன் பொருள். அப்போது துரத்திப் போகாமல், சற்றுத் தள்ளித் தரையில் உட்கார்ந்து, கைகளால் ஏதாவது செய்துகொண்டிருங்கள். நான் நாலைந்து குருத்தோலைகளை ஈரத்துணியில் சுற்றி எடுத்துச் சென்று, ஈர்க்கை முழுவதுமாக உருவிவிட்டு, பேத்தியின் முகத்தைப் பார்க்காமலேயே ஓலைப்பந்து முடையத் தொடங்குவேன். பந்து பாதியாகும் முன்பே அவள் என் முழங்காலில் கை வைத்து நின்றுவிடுவாள். நம் ஊர்த் தென்னை தரும் விளையாட்டுப் பொருளுக்கு நிகராக நான் எந்தக் கடையிலும் ஒன்றைக் கண்டதில்லை. போவதற்கு முந்தைய இரண்டு வாரங்களில், நாள்தோறும் ஒரே நேரத்தில் சில நிமிடங்கள் காணொளி அழைப்பில் பேசி, ஒரே தாலாட்டைப் பாடி வந்தால், நேரில் அந்தக் குரல் குழந்தைக்குப் புதிதாக இருக்காது.

வாசலில் நாம் சொல்லும் முதல் வாக்கியத்தை ரயிலிலேயே யோசித்து வைத்துக்கொள்வது வீண் வேலையன்று. ஒருமுறை நான் செருப்பைக் கழற்றும்போதே, ‘பிள்ளை என்ன இப்படி வத்திப் போச்சு?’ என்று கேட்டுவிட்டேன். அன்பில் வந்த சொல்தான். ஆனால் மருமகள் அன்று முழுவதும் என்னிடம் அதிகம் பேசவில்லை, இரவில் அவள் அழுதிருந்தாள் என்பதைப் பிறகு மகன் சொன்னான். பிறந்தபோது மூன்று கிலோ இருந்த குழந்தை முதல் பிறந்தநாளில் ஏறக்குறைய ஒன்பது கிலோ ஆகிறது. ஆனால் இரண்டாவது வயது முழுவதற்கும் அது கூடுவது இரண்டு, இரண்டரை கிலோதான். நடக்கத் தொடங்கி உயரமும் கூடுவதால் உடல் மெலிந்ததுபோல் தோன்றும், பசியும் குறையும். எடை சரியாக இருக்கிறதா என்பதைத் தடுப்பூசி அட்டையோடு உள்ள வளர்ச்சிக் கோடு சொல்லும், நம் கண்ணின் கணிப்பு சொல்லாது. இப்போது நான், ‘மக்கா, ரெண்டு பேரும் பிள்ளையை நல்லா வச்சிருக்கிய’ என்று சொல்லிக்கொண்டே உள்ளே போகிறேன்.

குளிப்பாட்டுவது நம் கைவந்த கலை என்பதால் அதில்தான் உரசல் அதிகம் வருகிறது. மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவது, மூக்கை ஊதுவது, வசம்பு உரைத்து ஊட்டுவது, கண்ணுக்கு மை இடுவது, சாம்பிராணிப் புகை காட்டுவது ஆகியவற்றைக் குழந்தை மருத்துவர்கள் வேண்டாம் என்கிறார்கள். எண்ணெய் நுரையீரலுக்குள் போகலாம், சில மைகளில் ஈயம் இருக்கிறது, புகை சின்ன மூச்சுக்குழாயைப் புண்ணாக்கும். மருத்துவர் மறுக்காத வரையில், தேங்காய் எண்ணெயை உடம்பில் இதமாகத் தேய்த்து வெதுவெதுப்பான நீரில் குளிப்பாட்டுவதில் தடையில்லை. அதையும், ‘இன்னைக்கு நான் குளிப்பாட்டட்டுமா?’ என்று கேட்டுவிட்டே செய்யுங்கள்.

சமையலறையில் எல்லாவற்றையும் கையில் எடுத்துக்கொள்வதும் தவறு, விருந்தாளியாக நாற்காலியில் உட்கார்ந்திருப்பதும் தவறு. ஒரு வேளைச் சமையலை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு, அவர்கள் ஏங்கும் ஒன்றைச் செய்யுங்கள்: சின்ன வெங்காயத்தில் வைக்கும் உள்ளித்தீயலோ, மரச்சீனிக்கிழங்கும் (மரவள்ளிக்கிழங்கும்) மீன்குழம்புமோ. கிழங்கில் உள்ள நச்சுத்தன்மை போக, அதை நிறையத் தண்ணீரில் திறந்த பாத்திரத்தில் வேகவைத்து, அந்த நீரை ஊற்றிவிட வேண்டும் என்பது நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். மருமகள் வேறு ஊர்க்காரர் என்றால் சொல்லிக்கொடுக்க வேண்டிய செய்தி அது. டப்பாக்களை இடம் மாற்றி அடுக்குவதை மட்டும் அறவே தவிர்த்துவிடுங்கள்.

சனிக்கிழமை மாலை இருவரையும் வெளியே அனுப்பிவைப்பதுதான் இந்தப் பயணத்தில் நாம் கொடுக்கக்கூடிய மிகச் சிறந்த பரிசு என்பது என் உறுதியான எண்ணம். குழந்தை பிறந்த பிறகு கணவனும் மனைவியும் இரண்டு மணி நேரம் தனியாகப் பேசியதே இல்லை என்ற நிலை இன்று பல வீடுகளில் இருக்கிறது. அதற்கு அன்று காலையிலேயே ஒத்திகை வேண்டும்: எப்போது சாப்பிடும், எந்தத் துணியைப் பிடித்துக்கொண்டு தூங்கும், எந்தப் பாட்டுக்கு அமைதியாகும் என்பதை அவர்கள் வீட்டில் இருக்கும்போதே ஒரு மணி நேரம் பார்த்துச் செய்து பழகுங்கள். அவர்கள் போனபின் பால்கனிக் கதவைத் தாழிடுங்கள், குளியலறை வாளியைக் காலி செய்து கவிழ்த்து வையுங்கள், அடுப்பில் எதையும் கொதிக்கவிடாதீர்கள். குழந்தை அழுதவுடன் கைப்பேசியைக் காட்டிச் சமாதானம் செய்ய வேண்டாம். இரண்டு வயது வரை திரை வேண்டாம் என்று பெற்றோர் கட்டிக்காத்த ஒழுங்கை நாம் ஒரே மாலையில் குலைத்துவிடக் கூடாது. அவர்கள் திரும்பி வந்ததும் நடந்ததை உள்ளபடியே சொல்லுங்கள், அழுதிருந்தால் அழுதது என்றே சொல்லுங்கள்.

சம்பந்தி வீட்டார் கொடுத்தது எது, அவர்கள் எத்தனை முறை வந்தார்கள் என்பவை நாம் கேட்க வேண்டிய கேள்விகளல்ல.

ஞாயிற்றுக்கிழமை பகலில் ஊர் சுற்றும் திட்டம் எதையும் வைக்காதீர்கள். குழந்தையின் பகல் தூக்கத்தைக் கெடுத்தால் அதன் விலையை இரவில் பெற்றோர்தான் கொடுப்பார்கள். குழந்தை தூங்கும் அந்த இரண்டு மணி நேரத்தில் இட்லி மாவை அரைத்து வையுங்கள், நாம் பயன்படுத்திய படுக்கை விரிப்புகளைத் துவைத்துக் காயப்போடுங்கள், திங்கட்கிழமைக்கு வேண்டிய காய்களை நறுக்கி மூடி வையுங்கள். புறப்படும்போது, அழும் என்று பயந்து குழந்தைக்குத் தெரியாமல் நழுவிப் போவது வேண்டாம். தேடிப் பார்த்து ஆளைக் காணாத குழந்தை அடுத்த முறை நம்மை நம்பத் தயங்கும். மடியில் வைத்து, ‘பாட்டி ஊருக்குப் போயிட்டு வாறேன்’ என்று சொல்லி, கையசைத்து, வாசலில் நீட்டி நிற்காமல் போய்விடுங்கள்.

திங்கட்கிழமை காலை இரணியலிலோ நாகர்கோவிலிலோ இறங்கியதும் அவர்களை அழைக்க வேண்டாம். அது குழந்தைக்கு ஊட்டி, காப்பகத்தில் விட்டு, இருவரும் அலுவலகம் ஓடும் நேரம். வந்து சேர்ந்தோம் என்று ஒரு குறுஞ்செய்தி போட்டுவிட்டு, குழந்தை சாப்பிட்டு முடித்திருக்கும் இரவு ஏழரை மணிக்கு அழையுங்கள். அந்த ஓலைப்பந்து காய்ந்து பழுப்பாகியிருந்தாலும் அவள் அதைக் கையில் எடுத்துக் காட்டுவாள்.