சிலோனீஸ் என்றால் சிங்களவர் அல்ல

சென்ற மாதம், என்னிடம் மொழிபெயர்ப்புப் பழக வந்த பெண் ஒரு பழைய ஆங்கிலக் கடிதத்தைத் தமிழாக்கிக் கொண்டுவந்தார். இரண்டாம் பத்தியிலேயே என் சிவப்புப் பேனா நின்றுவிட்டது. இருபது ஆண்டுகளுக்கு முன் நான் செய்த அதே பிழை, அதே சொல்லில்: ‘சிலோனீஸ்’ (Ceylonese), அதாவது சிலோன் என்ற இலங்கையைச் சேர்ந்தவர். இன்று ஆங்கிலத்தில் வழக்கொழிந்துவிட்ட சொல்தான். ஆனால் பழைய நாட்குறிப்பு, உயில், கப்பல் பதிவு என்று எதைத் திறந்தாலும் எதிரே வந்து நிற்கும். எழுத்துப்பிழைகளைப் பற்றி நான் பேசப்போவதில்லை. அவற்றை மெய்ப்புத் திருத்துபவர் பார்த்துக்கொள்வார்.

சிங்களவர் என்று எழுதிவிடுவது

படிக்காதவர் இந்தத் தவறைச் செய்யமாட்டார், அரைகுறையாகப் படித்தவர்தான் செய்வார். சிலோன் என்பது போர்த்துக்கீசியரின் ‘செய்லாவ்’ வழியாக வந்தது, அதன் வேர் ‘சிங்களம்’ என்று எங்கோ வாசித்திருப்பார். வேர் அதுவென்றால் பொருளும் அதுதானே என்று துணிந்துவிடுவார். நானும் துணிந்தேன்.

கோலாலம்பூரிலிருந்து ஒரு குடும்பம் தங்கள் தந்தையின் ஆங்கில நாட்குறிப்பை அனுப்பியிருந்தது. 1920களில் மலாயா ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்தவர் அவர். ஊரிலுள்ள உறவினர்களுக்காகத் தமிழில் நினைவு மலர் அச்சிட வேண்டும் என்றார்கள். சிலோனீஸ் என்று வந்த இடத்திலெல்லாம் ‘சிங்களவர்’ என்று போட்டேன். 300 பிரதிகள் அச்சாகிக் கப்பலேறிப் போயின. பதினைந்தாம் பக்கத்தில் இப்படி ஒரு வரி: ‘சிங்களக் குமாஸ்தாக்கள் எல்லோரும் கந்தசாமி கோயில் திருவிழாவுக்கு விடுப்புக் கேட்டனர்.’ எழுதும்போது எனக்கு உறைக்கவே இல்லை. கந்தசாமி கோயிலையும் சிங்களக் குமாஸ்தாவையும் ஒரே வரியில் வைத்துவிட்டு அன்று மத்தியானம் நன்றாகத் தூங்கியிருக்கிறேன்.

மூத்த மகன் தொலைபேசியில் கேட்டது ஒரே கேள்வி. “தம்பி, எங்கள் அப்பா எப்போது சிங்களவரானார்?” குரலில் கோபம் இல்லை, அதுதான் இன்னும் சுட்டது. 1983 இனக்கலவரத்துக்குப் பிறகு ஒரு யாழ்ப்பாணக் குடும்பத்திடம் அந்தச் சொல்லைக் கொண்டுபோய் நீட்டியிருக்கிறேன். மறு அச்சுச் செலவு முழுவதும் என் கையைக் கடித்தது.

மலாயாவிலும் சிங்கப்பூரிலும் சிலோனீஸ் என்றழைக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் ஆங்கிலம் கற்று, ரயில்வேக்கும் அரசு அலுவலகங்களுக்கும் வேலைக்குப் போன யாழ்ப்பாணத் தமிழர்கள். சிங்கப்பூரின் சிலோன் சாலையில் இருப்பது அவர்கள் எழுப்பிய செண்பக விநாயகர் கோயில். இலங்கைக்குள்ளேயோ அந்தச் சொல் இன்னும் அகலம்: சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள், பறங்கியர் (ஐரோப்பிய வழிவந்தவர்கள்), மலாயர் எல்லோரும் அதில் அடக்கம். 1919இல் தோன்றிய இலங்கைத் தேசிய காங்கிரசின் முதல் தலைவர் பொன்னம்பலம் அருணாசலம். அந்தக் காலத்து அரசியல் பேச்சில் வரும் சிலோனீசைச் சிங்களவர் ஆக்கினால் தலைவரையே கூட்டத்தைவிட்டு வெளியே அனுப்பியதாகிவிடும்.

மறுபக்கம் சாய்ந்துவிடுவது

என் கதையைக் கேட்ட அந்தப் பெண் அடுத்த வாரம் எல்லாவற்றையும் ‘யாழ்ப்பாணத் தமிழர்’ என்று மாற்றி எடுத்துவந்தார். அதுவும் ஆகாது. காலிப் பக்கத்திலிருந்து சிங்கப்பூர் போய் நகைக்கடை வைத்த சிங்களவர்களும் அங்கே சிலோனீஸ்தான். ‘இலங்கையர்’ என்று எழுதுங்கள். ஆள் தமிழர் என்று பக்கத்து வரிகளே சொன்னால் மட்டும் ‘இலங்கைத் தமிழர்’.

‘முன்னாள் சிலோன், இந்நாள் இலங்கை’ என்று விளக்குவது

1972 மே 22இல் சிலோன் போய் ஸ்ரீலங்கா வந்தது ஆங்கிலத்தில். தமிழில் சிலப்பதிகாரத்தில் வரும் கயவாகு மன்னனின் காலத்திலேயே அது இலங்கை.

சிலோன் டீ, சிலோன் பரோட்டா

கைவைக்காதீர்கள்.

சிலோன்காரரைத் திருத்துவது

நீலகிரியில் கோத்தகிரி, கூடலூர்ப் பக்கம் போனால் ‘சிலோன்காரர்’ என்ற சொல் இன்னும் புழங்குகிறது. 1911 முதல் இலங்கையின் குடிக்கணக்கு ‘இலங்கைத் தமிழர்’, ‘இந்தியத் தமிழர்’ என்று இரண்டு பத்திகள் போட்டது. தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் இரண்டாவது பத்தியில் இருந்தார்கள். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களில் மிகப் பலரை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபரில் இரு நாட்டுப் பிரதமர்களான சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. இந்தியத் தமிழர் என்பதால் அனுப்பப்பட்டவர்கள் இங்கே வந்து இறங்கியதும் சிலோன்காரர் ஆனார்கள்.

ஆகவே இந்தச் சொல் குடியுரிமையைக் குறிப்பதில்லை. எங்கிருந்து வந்தவர் என்பதைத்தான் குறிக்கிறது, பல நேரங்களில் ஓர் ஏளனத்தோடு. கோத்தகிரியில் நான் பதிவு செய்த ஒரு மூதாட்டியின் பேச்சில் அது ஏழு முறை வருகிறது. “அங்கே எங்களை இந்தியாக்காரர் என்றார்கள், இங்கே சிலோன்காரர் என்கிறார்கள்” என்பது அதில் ஒன்று. பழகவந்த பெண் ஏழையும் நாகரிகமாக ‘இலங்கையர்’ என்று திருத்தி வைத்திருந்தார். ஏழையும் அடித்து, பழையபடி எழுதித் திருப்பிக் கொடுத்தேன்.